சொன்ன சொல்லில் நின்ற தளபதி

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் அவில்தார். 1971 டிசம்பரில் வெலிங்டனில் குடும்ப லைனில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. நீலகிரியில் இருக்கிறவர்களுக்கு டிசம்பர் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல உறைபனி பூத்துக் கிடக்கும். அந்தக் குளிரிலும் அப்பா தோல் உறை போட்ட டிரான்சிஸ்டரை ஜன்னலோரம் வைத்துவிடுவார். அங்கேதான் இரைச்சலில்லாமல் கேட்கும். கணவன்மார் எல்லையில் இருந்த அக்காமார்கள், இடுப்பில் குழந்தையோடு வாசலில் வந்து நிற்பார்கள். செய்தியில் ஒரு பெயர் வரும்போதெல்லாம் அப்பா தன்னை அறியாமல் முதுகை நிமிர்த்துவார். ஜெனரல் மானெக்ஷா.

சாம் மானெக்ஷா பார்சி குடும்பத்தில் 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் பிறந்தவர். டேராடூன் ராணுவப் பயிற்சிக் கழகத்தின் முதல் அணியில் படித்தவர். கூர்க்கா வீரர்கள் அவருக்கு வைத்த பெயர் சாம் பகதூர். 1969 ஜூனில் தரைப்படைத் தளபதி ஆனார். இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். என் மனசில் ஐம்பது வருஷமாக இருப்பது வேறு. அவர் 'முடியாது' என்று சொன்ன ஒரு நாள்.

1971 ஏப்ரல். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, லட்சக்கணக்கில் அகதிகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருக்கிறார்கள். பிரதமர் இந்திரா காந்தி அமைச்சரவைக் கூட்டத்துக்கு அவரை அழைக்கிறார். ராணுவம் உடனே உள்ளே போக வேண்டும் என்கிறார்கள். அதற்கு மானெக்ஷா என்ன பதில் சொன்னார் என்பதைப் பின்னாளில் அவரே பல மேடைகளில் விவரித்திருக்கிறார். இப்போது போனால் தோற்றுவிடுவோம் என்றார். காரணத்தையும் எடுத்து வைத்தார். கொஞ்ச நாளில் மழை பிடித்துக்கொள்ளும். வங்காளத்து ஆறுகள் கடலாக விரியும். வண்டி சாலையை விட்டு இறங்க முடியாது. இமயமலைக் கணவாய்களில் பனி உருகுகிற நேரம், வடக்கிலிருந்து சீனா இறங்கினால் தடுக்க ஆள் வேண்டும். மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பஞ்சாபில் அறுவடைக் காலம். படையை நகர்த்த ரயிலையும் சாலையையும் நான் எடுத்துக்கொண்டால் தானியத்தை எதில் கொண்டு போவீர்கள், நாட்டில் பஞ்சம் வந்துவிடும் என்றார். பாருங்கள், பீரங்கியைப் பற்றி மட்டும் யோசிக்கிற ஆளுக்கு இது தோன்றாது. உழவன் களத்தில் குவித்த கோதுமையும் அவர் கணக்கில் இருந்தது.

பிரதமர் முகம் சிவந்துவிட்டது. வேண்டுமானால் ராஜினாமா செய்கிறேன், உடல்நலம் சரியில்லை என்றோ மனநலம் சரியில்லை என்றோ எழுதித் தருகிறேன் என்றார் மானெக்ஷா. பிரதமர் அதை ஏற்கவில்லை. அவர் கேட்ட அவகாசத்தைக் கொடுத்தார். இருவரையுமே இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல ஒருவர், அதைக் கேட்டுக்கொள்ள ஒருவர். இரண்டு பேருமே அன்றைக்கு இருந்தார்கள்.

சரி, அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் பதின்மூன்றே நாளில் முடிந்தது. டாக்காவுக்குப் போய்ப் பாகிஸ்தான் படையின் சரணாகதியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பிரதமர் சொன்னார். அதற்கும் அவர் முடியாது என்றார். அந்தப் பெருமை கிழக்குப் படைத் தளபதி அரோராவுக்கு உரியது என்று விலகிக்கொண்டார்.

வானொலியில் பேசுவதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போர் நடக்கும்போதே மானெக்ஷாவின் அறிவிப்பு எதிரிப் படையினருக்காக அகில இந்திய வானொலியில் திரும்பத் திரும்ப ஒலித்தது. ஆயுதத்தைக் கீழே போடுங்கள், உங்களைக் கண்ணியமாக நடத்துவோம் என்பது அதன் சாரம். காற்றில் கொடுத்த வாக்குதான். ஆனால் சரணடைந்தவர்கள் சுமார் 93,000 பேர். அத்தனை பேருக்கும் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே!

அவரே ஓர் உரையில் சொன்ன நிகழ்ச்சி. போருக்குப் பிறகு பேச்சுவார்த்தைக்காகப் பாகிஸ்தான் போயிருக்கிறார். ஆளுநர் மாளிகையில் பணியாளர்கள் வரிசையாக நின்று கைகொடுக்கிறார்கள். அதில் ஒருவர் தன் தலைப்பாகையைக் கழற்றி இவர் காலடியில் வைக்கிறார். ஏன் இப்படி என்று பதறிக் கேட்கிறார் மானெக்ஷா. என் ஐந்து மகன்கள் உங்களிடம் கைதிகளாக இருக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள் என்கிறார் அந்தத் தகப்பன். ஓதுவதற்குக் குர்ஆன் கொடுத்தீர்களாம். அவர்கள் கட்டிலில் படுக்கிறார்கள், உங்கள் சிப்பாய்கள் தரையில் படுக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டடம், உங்கள் ஆட்களுக்குக் கூடாரம்.

நேயர்களே, தலைப்பாகை என்பது ஒரு மனிதனின் மானம். அதைக் கழற்றிக் காலடியில் வைத்தவர், தோற்ற நாட்டுக்காரர். இதை வகுப்பில் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் என் குரல் கம்மிவிடும். இப்போதும்தான்.

குன்னூரில் அவர் வாழ்ந்ததைப் பற்றித்தான் விரிவாகப் பேச வந்தேன். நேரம் ஓடிவிட்டது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குன்னூரை அடுத்த வெலிங்டன் அவருக்குப் புதிய ஊர் இல்லை. அங்குள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் பட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். அதே மாதம் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் குன்னூரிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். 2008 ஜூன் 27 அன்று, 94 வயதில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். தேசிய துக்கம் அறிவிக்கவில்லை. அந்த வருத்தம் மலையில் இன்னும் பலருக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். செய்தி கேட்டதும் எதுவும் பேசாமல் பெட்டியைத் திறந்து மெடல்களை எடுத்துத் துணியால் துடைத்தார். சட்டையில் குத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரைக்கும் கழற்றவில்லை.

உதகையில் பார்சிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மனைவி சில்லூவுக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஊட்டிக்கு வருகிறவர்கள் ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டு, ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி அங்கேயும் போய்விட்டு வாருங்கள். வணக்கம்.