டோசர் தள்ளிய மண்

வணக்கம் உறவுகளே. நான் இப்போது யாழ்ப்பாணத்து வசாவிளானில் நிற்கிறேன், அம்மம்மா தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்த காணி இது. காற்று இரைச்சல் கொஞ்சம் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள். என் கையைப் பாருங்கள். இது எங்கள் பக்கத்து மண், இது வேலிக்கு அங்கால பெரியப்பாவின் பக்கத்து மண். இரண்டும் ஒரே செம்மண்தான், ஆனால் அவருடையது கறுப்போடி, பிடித்தால் உருண்டையாக நிற்கிறது. எங்களுடையது விரலிடுக்கால் தூளாகக் கொட்டுகிறது.

1990இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது விட்டுப் போன காணி, 2018இல்தான் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது. 28 வருடப் பற்றை. வீட்டின் அத்திவாரத்தையே தேடித்தான் கண்டுபிடித்தோம். வந்த சந்தோசத்தில் டோசர் பிடித்து இரண்டே நாளில் வெளியாக்கி, எல்லாவற்றையும் கும்பி கும்பியாகக் குவித்து எரித்தோம். பெரியப்பாவிடம் அதற்குக் காசில்லை. கத்தியும் அலவாங்குமாக மாதக்கணக்கில் வெட்டினார், வெட்டிய குழையை அந்தந்த இடத்திலேயே பரவிவிட்டார். முதல் வருடம் எங்களுக்கு வெங்காயம் நன்றாக வந்தது, சாம்பலின் சத்து அது. மூன்றாம் வருடத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் இறைத்தாலும் அடுத்த நாளே காய்ந்துபோகிறது.

ஏன் இப்படி என்று தேடும்போதுதான் ரத்தன் லால் என்ற மண் விஞ்ஞானியைப் பற்றி வாசித்தேன். 2020இல் உலக உணவுப் பரிசு பெற்றவர். இந்தியப் பிரிவினையில் ஊரை விட்டு வந்த குடும்பம், சின்னக் காணியில் கமம் செய்த வீட்டுப் பிள்ளை, அதை வாசித்தபோது எனக்கு ஏதோ எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி வாசிப்பது போலவே இருந்தது. 1970இலிருந்து நைஜீரியாவில் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். அங்கே காட்டின் ஒரு துண்டைக் கையால் வெட்டி, இன்னொரு துண்டை இயந்திரத்தால் தள்ளி, மழைக்கு எதில் எவ்வளவு மண் கழுவுப்படுகிறது என்று அளந்திருக்கிறார்கள். இயந்திரம் ஓடிய துண்டில் மண் இறுகி, தண்ணீர் கீழே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடியது. பயிர்க் கழிவை மேலே மூடிவிட்ட இடத்தில் மண் அவ்வளவாக அசையவில்லை. எங்கள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தது அதேதான்!

பெரியப்பாவின் மண்ணில் உள்ள அந்தக் கறுப்பு நிறம் பெரும்பாலும் சேதனக் காபன். இலையும் வேரும் உக்கி, மண் துணிக்கைகளை ஒட்டிப் பிடித்து, தண்ணீரையும் பசளையையும் தேக்கி வைக்கும். உலக மண்ணில் மேல் ஒரு மீற்றருக்குள் மட்டும் ஏறக்குறைய 1,500 பில்லியன் தொன் சேதனக் காபன் இருக்கிறது, வளிமண்டலத்தில் உள்ள காபனைவிடக் கூட. எங்கள் கணக்கில் சொன்னால், ஒரு பரப்புக் காணியில் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஒரு அடி ஆழத்துக்குக் கிட்டத்தட்ட 100 தொன் மண், அதில் 1 சதவீதம் காபன் என்றால் ஒரு தொன். மண்ணைக் கிண்டக் கிண்டக் காற்று உள்ளே போகும், நுண்ணங்கிகள் அந்தக் காபனைத் தின்று காபனீரொட்சைட்டாக விட்டுவிடும், எங்கள் வெக்கையில் இது இன்னும் வேகம். நெருப்பு வைத்தால் மண்ணுக்குப் போயிருக்க வேண்டிய குழையின் காபன் அன்றைக்கே புகையாகப் போகிறது, நைதரசனும் கூடவே.

மண்ணைப் பரிசோதிக்கக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், ‘சேதனக் காபன்’ என்றே கேளுங்கள். நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல், அதிலும் காபன் உண்டு. கல்லுத்தூள் கலந்த மண்ணில் மொத்தக் காபனை அளந்தால் எண் பெரிதாக வரும், பயிருக்கு அதனால் பிரயோசனமில்லை.

இரசாயன உரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021இல் ஒரேயடியாகத் தடை போட்டபோது இங்கே தோட்டக்காரர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் பிடித்து வைக்க ஒன்றுமில்லாத மண்ணில் யூரியா போட்டால் அது தண்ணீரோடு நேரே கீழே இறங்கும், சுண்ணாம்புக் கல் இடுக்கால் கிணற்றுக்குப் போகும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? வேலிப் பூவரசும் கிளுவையும் வெட்டிக் குழை தாழ்க்கிறேன், பனையோலையும் புதைக்கிறேன், அப்பு காலத்துப் புகையிலைத் தோட்டத்தில் செய்தது போலவே. நாலு பரப்பில் சணல் விதைத்திருக்கிறேன். அதோ, மொட்டுப் பிடிக்கிறது. பூத்தால் படமெடுக்க நிறையப் பேர் வருவீர்கள், வாருங்கள், ஆனால் முற்றவிடாமல் பூக்கத் தொடங்கியதும் பசளையாக மண்ணோடு மடித்து உழுதுவிடுவேன். இதெல்லாம் மெதுவான வேலை. அந்த 28 வருடத்தில் சேர்ந்தது எனக்கு இரண்டு மூன்று போகத்தில் திரும்பி வராது.

காணி இனிமேல்தான் கையில் கிடைக்கப்போகிறவர்கள் இதைப் பார்த்தால், வீட்டுக்கும் கிணற்றுக்கும் வழி எடுக்கிற அளவுக்கு மட்டும் முதலில் வெட்டுங்கள், தோட்டப் பக்கம் கொஞ்சம் பொறுக்கட்டும், குழைக்கு நெருப்பு வைக்காதீர்கள். பெரியப்பா அங்கால நின்று கூப்பிடுகிறார், மோட்டர் போட வேண்டும். சணல் உழுகிற அன்றைக்கு அடுத்த காணொளி போடுகிறேன்.