டி செல்லின் மரபணுவுக்கு பி செல்லில் என்ன வேலை?

வணக்கம், நேயர்களே.

"புற்றுநோய்னு சொல்றீங்க, இப்போதைக்கு மருந்து வேண்டாம்னும் சொல்றீங்களே டாக்டர்?" சி.எல்.எல். என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் கூடியிருப்பது தெரியவரும். உடம்பில் தொந்தரவே இருக்காது. இவர்களில் சிலர் மருந்தில்லாமலே இருபது வருஷம் ஓட்டிவிடுகிறார்கள். சிலருக்கு இரண்டே வருஷத்தில் கழுத்தில் நெறி கட்டி, மண்ணீரல் வீங்கிவிடுகிறது. நுண்ணோக்கியில் இருவர் அணுக்களும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வித்தியாசம் எங்கே என்பது 1999-இல் பிடிபட்டது. இந்த நோய் பி செல் என்கிற வெள்ளை அணுவில் உண்டாகிறது. பி செல் பக்குவப்படும்போது, எதிர்ப்பொருள் தயாரிக்கும் தன் மரபணுவில் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்துகொள்ளும். அந்தத் திருத்தம் 2 சதவீதமாவது இருந்தால் நோய் பெரும்பாலும் சாது, இல்லையென்றால் முரடு. இங்கிலாந்தில் எடுத்த கணக்கில், ஆரம்ப நிலையில் இருந்தவர்களிலேயே, திருத்தம் இல்லாதவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம், 95 மாதம், இருந்தவர்களுக்கு 293 மாதம். பயப்படாதீர்கள், இது இன்றைய மாத்திரைகள் வருவதற்கு முந்தைய கணக்கு.

ஆனால் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வசதி அன்று எல்லா ஆய்வகத்திலும் இல்லை. குறுக்குவழி தேடினார்கள். எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் பார்க்கும் சில்லு அப்போது புதிது. அதில் பார்த்தால் இரண்டு வகையும் கிட்டத்தட்ட ஒரே அச்சு! மாறுபட்ட சில மரபணுக்களில் முன்னால் நின்றது ஸாப்-70. வேடிக்கை என்னவென்றால், அது முக்கியமாக டி செல் என்கிற வேறொரு வகை வெள்ளை அணுவில் வேலை பார்க்கும் மரபணு. அடுத்த வீட்டுக்காரர் நம் அடுக்களையில் நின்ற கதைதான். முரட்டு வகை பி செல்லில் அது விழித்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் தூண்டுதலை இன்னும் பலமாக்கிவிடுகிறது.

2003-இல் பார்சிலோனா மருத்துவர்கள், நோயுற்ற அணுக்களில் 20 சதவீதத்திலாவது ஸாப்-70 புரதம் தென்பட்டால் முரடு என்று எல்லை வகுத்தார்கள். எங்கள் துறையே குதூகலித்தது. பிறகுதான் தலைவலி. புரதம் அணுவுக்கு உள்ளே இருக்கிறது. அணுவைத் துளைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். கூடவே இருக்கும் நல்ல டி செல்லும் மின்னும். ரத்தம் பழசானால் அளவு மாறும். ஒரே ரத்தத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு பதில் சொல்லின. அழகான கண்டுபிடிப்புதான், ஆனால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் அளவுகோலை வைத்து ஒருவர் தலையெழுத்தைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இன்று பழையபடி எழுத்து படிக்கும் சோதனையைத்தான் நம்புகிறோம்.

அதன் முடிவு முரடு என்று வந்தாலும், அதை மட்டும் வைத்து மருந்து தொடங்குவதில்லை. நெறியோ ரத்த அணுக்களின் அளவோ மோசமானால்தான். அந்தத் திருத்தம் ஆயுளுக்கும் மாறாது, அதனால் ஒருமுறை பார்த்தால் போதும். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அணுக்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் டிபி53 என்ற மரபணுவுக்கான சோதனை அப்படியல்ல. அந்த மரபணு நடுவில் கெட்டுப்போகலாம். ஒவ்வொரு முறை சிகிச்சை தொடங்கும் முன்பும் அந்தச் சோதனையைப் புதிதாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.