சம்பளப் பிடித்தமும் வாக்குச்சீட்டும்

(கலிபோர்னியாவில் தமிழர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட பேராசிரியர் அவர்களே, வேண்டாம் வேண்டாம் என்றும் விடாமல் சால்வை போர்த்திய செயலாளர் அவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் சமையல் குழுவினரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பத்து நிமிடம் ஒதுக்கிய தலைவரின் தாராள மனசுக்குத் தனி நன்றி.

மூன்று விஷயம் பேசப் போகிறேன்: நம் மாநிலத்து வாக்கெடுப்புகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், பக்கத்து ஆரிகன் கதை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அரசு ஊழியர் சம்பளத்தில் தொழிற்சங்கச் சந்தா பிடிக்கிறார்கள். அதில் ஒரு பங்கு தேர்தல் செலவுக்குப் போகிறது. அவரைத் தனியாகக் கேட்காமல் போகலாமா? இதைக் கட்டுப்படுத்தும் சட்ட யோசனையை, அதாவது மக்களே நேரடியாக வாக்களித்து முடிவுசெய்யும் முன்மொழிவை, நாம் மூன்று முறை வாக்குச்சீட்டில் பார்த்துவிட்டோம். 1998இல் 226ஆம் முன்மொழிவு, 2005இல் 75, 2012இல் 32. மூன்றும் தோற்றன. அரசு ஊழியர் சங்கங்களைக் குறிவைத்த 75, வருடாவருடம் எழுத்தில் சம்மதம் கேட்டது. ஆளுநர் ஷ்வார்ஸ்நெக்கர் ஆதரித்தும் எடுபடவில்லை. 32 அதற்கும் மேலே போனது: சம்பளத்தில் பிடித்த பணம் அரசியலுக்கே போகக் கூடாது, கம்பெனிகளுக்கும் இதே தடை. கேட்கச் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கம்பெனி ஊழியர் சம்பளத்தில் பிடித்துத் தேர்தல் செலவு செய்கிறது? லாபத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்!

அந்த 2012 கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அக்டோபர் மாதம், தேர்தல் நெருங்கிவிட்டது. அரிசோனாவிலிருந்து ஓர் அமைப்பு 1 கோடியே 10 லட்சம் டாலரை இங்கே இறக்குகிறது. 32ஐ ஜெயிக்க வைக்க, அப்போதைய ஆளுநர் பிரவுனின் வரி உயர்வு யோசனையான 30ஆம் முன்மொழிவைத் தோற்கடிக்க. யார் வீட்டுப் பணம் ஐயா என்று கேட்டால், வாய் திறக்கவில்லை. நம் தேர்தல் நிதிக் கண்காணிப்பு ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. மாநில உச்ச நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கணக்கைக் காட்டு என்றது. மறுநாள், வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், பெயர் வந்தது. என்ன பெயர்? இன்னொரு அமைப்பு! அதற்குப் பின்னால்? அதுவும் ஓர் அமைப்பு! கொடுத்த மனிதரின் பெயர் மட்டும் இல்லை. அடுத்த வருடம் 10 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள், சரி. தேர்தல்தான் முடிந்துவிட்டதே. ஒரு பள்ளி ஆசிரியையின் சந்தாவுக்கு ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பாடம் எடுத்தவர்கள், தாங்கள் மூட்டை மூட்டையாகப் போட்டதை அளந்து காட்டினார்களா?

ஆகவேதான் நான் போகிற மேடையிலெல்லாம் சொல்கிறேன், கேட்டு அலுத்தவர்கள் மன்னிக்கவும்: ஒவ்வொரு முன்மொழிவின் தலைப்புக்குக் கீழேயே, வாக்குச்சீட்டிலேயே, அதற்கும் அதற்கு எதிராகவும் அதிகம் பணம் கொடுத்தவர்களின் பெயரை அச்சிட வேண்டும். அமைப்பின் பெயர் போதாது, ஆளின் பெயர். சங்கமானால் சங்கத்தின் பெயரும் வரட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.

சங்கத்தில் சேராத அரசு ஊழியரிடம் கட்டாயக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜேனஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அதைப் பற்றியும் ஆரிகன் கதையைப் பற்றியும் கொண்டுவந்த தாள்கள் பையிலேயே இருக்கட்டும், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் சொன்ன கோரிக்கை மனு கதவருகே மேஜையில் இருக்கிறது. பேனா ஒன்றே ஒன்றுதான், பந்தி தொடங்குவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.