தனியாகக் கடலில் இறங்குவோரும் டைவ் கடைகளின் விதிகளும்

நேயர்களுக்கு வணக்கம். காற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு நீருக்குள் செல்லும் ஸ்கூபா முறையை ஒழுங்காகப் பயின்று, நூறு முறைக்கும் மேல் நீருக்குள் சென்று வந்த ஒருவர், நீரில் மூழ்கச் செல்வோருக்குச் சிலிண்டரும் படகும் தரும் ஒரு டைவ் கடையின் மேசைமுன் நின்று, "எனக்குத் துணையாள் வேண்டாம், நான் தனியாகவே இறங்கிக்கொள்கிறேன்" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் அவருக்கு "முடியாது" என்ற விடை உடனே கிடைக்கும். இன்னொரு கடையில் தனியாக இறங்கப் பயிற்சி பெற்றதற்கான சான்று அட்டையைக் காட்டச் சொல்வார்கள். மூன்றாவது கடையில் எதுவுமே கேட்காமல் சிலிண்டரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரே கடல், ஒரே கருவி, ஒரே மனிதர். விடைகள் மட்டும் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்பதையும், அவற்றில் எது நியாயமானது என்று நான் கருதுகிறேன் என்பதையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இருவர் இருவராகவே இறங்க வேண்டும் என்ற விதி எந்தச் சூழலில் வேரூன்றியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் நீருக்குள் சுவாசிக்க உதவும் அக்வாலங் கருவியை உருவாக்கிய காலத்திலும், அதற்குப் பின் சில பத்தாண்டுகள் வரையிலும், நீருக்குள் செல்பவரிடம் இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் கருவிகள் பல இருந்ததில்லை. சிலிண்டரில் எவ்வளவு காற்று மீதமிருக்கிறது என்று காட்டும் அழுத்தமானி பரவலாக வரவில்லை. மூச்சு இழுப்பது கடினமாகும்போதுதான் காற்று தீரப்போகிறது என்று தெரியும். சிலிண்டரின் காற்றைச் சுவாசிக்கும் அளவுக்கு அழுத்தம் குறைத்து வாய்க்குத் தரும் கருவியே ரெகுலேட்டர்; கூடுதல் வாய்ப்பகுதி கொண்ட ரெகுலேட்டரும் அன்று கிடையாது. காற்று தீர்ந்தால், அருகிலிருப்பவருடைய ஒரே வாய்ப்பகுதியை இருவரும் மாறிமாறிப் பகிர்ந்துகொண்டு மேலே வருவதுதான் வழி. அதாவது, துணையாள் என்பவர் உங்கள் கூடவே நீந்திவரும் மாற்றுச் சிலிண்டர். 1953-இல் பிரிட்டிஷ் சப் அக்வா கிளப், 1959-இல் சிமாஸ், 1960-இல் நாவி, 1966-இல் பாடி என்று பயிற்சி அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியபோது, இந்த இணை முறை பாடத்திட்டத்தின் அடித்தளமாகவே அமைந்துவிட்டது. கருவிகள் முற்றிலும் மாறிவிட்ட பிறகும் அந்த அடித்தளம் பெரும்பாலும் மாறவில்லை.

1990-களின் இறுதியில் தோன்றிய எஸ்.டி.ஐ. என்ற பயிற்சி அமைப்புதான் தனியாக இறங்குவதற்கென்றே வெளிப்படையாக ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தது. அதில் சேர 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 100 டைவ்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். பாடி அமைப்பு பின்னர் 'தற்சார்பு டைவர்' என்ற பெயரில் ஏறக்குறைய அதே பொருளுள்ள பயிற்சியை, 18 வயது, 100 டைவ்கள் என்ற நிபந்தனைகளோடு தொடங்கியது. பாடியின் பொதுவான பாதுகாப்பு உறுதிமொழிப் படிவமோ இன்றும் எல்லா டைவ்களிலும் இணை முறையைப் பின்பற்றச் சொல்கிறது. எனவே ஒரே நிறுவனத்தின் அட்டை ஒருவருடைய பையில் இருக்க, அதே நிறுவனத்தின் படிவத்தில் அவர் "துணையோடுதான் இறங்குவேன்" என்று கையொப்பமிடும் விந்தையும் நடக்கிறது. கடைக்காரர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

கடைகளின் விதிகளை ஆராயும்போது, 'கடை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மிக வேறுபட்ட தொழில்கள் அடங்கியிருப்பதை மறந்துவிடக் கூடாது. சிலிண்டரை நிரப்பி வாடகைக்குக் கொடுப்பவர் ஒருவகை. கரீபியன் கடலிலுள்ள பொனேர் தீவைப் பாருங்கள். 1979 முதல் அதைச் சூழ்ந்த கடற்பகுதி பாதுகாக்கப்பட்ட பூங்காவாக இருக்கிறது. சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் ஒவ்வொரு இறங்குமிடத்தையும் அடையாளம் காட்டுகின்றன. வருகிறவர்கள் பூங்காக் கட்டணத்தைச் செலுத்தி, தொடக்கத்தில் ஒரு சோதனை டைவை முடித்துவிட்டால், சிலிண்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேண்டிய இடத்தில் கரையிலிருந்தே இறங்கலாம். சிலிண்டர் கொடுத்தவர் அதன்பின் அவர்களைப் பார்ப்பதில்லை. அங்கே எழுதிவைக்கும் விதி எதுவாக இருந்தாலும், நீரில் அதைக் கண்காணிக்க ஒருவரும் இல்லை.

படகு வைத்து நடத்துபவரின் நிலை முற்றிலும் வேறு. அவர் தம் படகிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரையும் திரும்ப ஏற்றிக்கொள்ளும் பொறுப்பைச் சுமக்கிறார். தனியாக இறங்கியவர் குறித்த நேரத்தில் மேலே வரவில்லை என்றால், அவர் எங்கே, எந்த ஆழத்தில், எந்த நிலையில் கடைசியாக இருந்தார் என்று சொல்ல ஒரு சாட்சி இல்லை. படகு நங்கூரத்தை எடுத்துக்கொண்டு தேடப் போனால், இன்னும் நீருக்குள் இருக்கும் மற்றவர்கள் மேலே வரும்போது படகு அங்கே இருக்காது. ஆக, ஒருவருடைய விருப்பம் பத்துப் பேருடைய பாதுகாப்பைத் தொடுகிறது. இதோடு காப்பீட்டு ஒப்பந்தமும் சேர்கிறது. பல இடங்களில் கடைக்காரர் "முடியாது" என்று சொல்வதற்கு அவருடைய சொந்தக் கருத்தைவிட, அவர் கையொப்பமிட்ட காப்பீட்டின் நிபந்தனையே காரணமாக இருக்கிறது. அதை அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு மனத்தாங்கல் பாதி குறையும். ஆனால் பெரும்பாலோர் அப்படிச் சொல்வதில்லை. "ஆபத்து" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1998 ஜனவரியில் நடந்த ஒரு துயரத்தை இங்கே நினைவுகூர வேண்டும். ஒரு அமெரிக்கத் தம்பதி படகிலிருந்து இறங்கினார்கள். தலை எண்ணுவதில் நேர்ந்த பிழையால் அவர்களை விட்டுவிட்டே படகு கரைக்குத் திரும்பியது. அவர்கள் வரவில்லை என்பது ஏறத்தாழ இரண்டு நாட்கள் கழித்தே கண்டறியப்பட்டது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அந்த நிகழ்வுக்குப் பிறகு ஆட்களை எண்ணிச் சரிபார்க்கும் நடைமுறைகள் அங்கே கடுமையாக்கப்பட்டன. நான் இதைச் சொல்வதற்குக் காரணம், அவர்கள் இருவரும் விதிப்படி ஒருவருக்கொருவர் துணையாக இறங்கியவர்கள் என்பதே. அன்று தவறியது மேல்தளத்தில் இருந்த பெயர்ப்பட்டியல்.

துணை முறையைக் கட்டாயமாக்கும் கடைகள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதைக் கவனித்தால், எனக்குள்ள முதன்மையான குறை விளங்கும். தனியாக வருகிறவரைக் கடை பெரும்பாலும் அனுப்பிவிடுவதில்லை. அதே படகில் தனியாக வந்த இன்னொருவரோடு, அறிமுகமாகிப் பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில், சேர்த்துவிடுகிறது. அந்த இன்னொருவர் எவ்வளவு காற்றைச் செலவழிப்பார், பதற்றத்தில் எப்படி நடந்துகொள்வார், அவருடைய கூடுதல் வாய்ப்பகுதி எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதெல்லாம் தெரியாது. ஒருவர் ஒளிப்படக்காரராக இருந்தால் இன்னும் மோசம்; அவர் ஒரு கடற்குதிரையின் முன் இருபது நிமிடம் அசையாமல் கிடப்பார், மற்றவர் சலித்துப்போய் நீந்திச் சென்றுவிடுவார். இருவருமே அப்போது தனியாகத்தான் இருக்கிறார்கள். தனியாக இருப்பதற்கான பயிற்சியும் மாற்றுக் காற்றும் மட்டும் இருவரிடமும் இல்லை. உயிரிழப்புகளைப் பதிவுசெய்யும் அமைப்புகளின் அறிக்கைகளில், துணையோடு இறங்கிப் பின்னர் பிரிந்துபோனவர்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

இதற்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், துணையாக இறங்குபவருக்குத் தம் இணையின்பால் கவனக் கடமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கில் மரணத்துக்குத் துணையாக இறங்கியவருடைய தவறுதான் நேரடிக் காரணம் என்று நிறுவப்படாததால் இழப்பீட்டுப் பொறுப்பு மட்டும் விழவில்லை. படகின் மேல்தளத்தில் முன்பின் தெரியாத ஒருவரைக் காட்டி "இவர்தான் உங்கள் துணை" என்று சொல்லும்போது, கடைக்காரர் வாடிக்கையாளர் தலையில் ஒரு கடமையையும் சேர்த்தே வைக்கிறார். அனுபவமுள்ள பலர் தனியாக இறங்க விரும்புவதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். அதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது.

இனி காற்றுக்கு வருகிறேன். இதில்தான் சற்று அதிகம் நிற்க வேண்டும். 1992 முதல் 2003 வரை நேர்ந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, விபத்தைத் தொடங்கிவைத்த நிகழ்வு கண்டறியப்பட்டவற்றில் 41 விழுக்காட்டில் காற்றுப் பற்றாக்குறையே அந்தத் தொடக்கம் என்று காட்டியது. ஆகவே தனியாக இறங்குபவரிடம் கடை கேட்க வேண்டிய முதல் கேள்வி, முதன்மைச் சிலிண்டர் கைவிட்டால் அவர் எதைச் சுவாசித்து மேலே வருவார் என்பதுதான். கணக்கு எளியது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் 4 மடங்கு; ஆகவே ஒவ்வொரு மூச்சுக்கும் 4 மடங்கு காற்று செலவாகும். அமைதியாக இருக்கும்போது நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வரை சுவாசிப்பவர், பதறும்போது 30 லிட்டர் வரை போவார் என்று கொண்டால், அந்த ஆழத்தில் ஒரு நிமிடத்துக்கு 120 லிட்டர் தேவை. சிக்கலைப் புரிந்துகொள்ள அங்கே ஒரு நிமிடம் போகும்; அதற்கே அந்த 120 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற ஏறத்தாழ 230 லிட்டர். உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேறுவதற்காக அங்கே நிற்கும் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 135 லிட்டர். எஞ்சிய தூரத்துக்குச் சிறிது. எல்லாம் சேர்ந்து 500 லிட்டரைச் சற்றுத் தாண்டும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 3 லிட்டர் துணைச் சிலிண்டரில் 600 லிட்டர் இருக்கும், அது போதும். கைக்கடக்கமாக இருக்கிறது என்று பலர் விரும்பி வாங்கும் மொத்தம் 85 லிட்டர் காற்றே கொள்ளும் சிறு குப்பியோ அந்த ஆழத்தில் முக்கால் நிமிடம்கூடத் தாங்காது.

அட்டையை மட்டும் பார்த்து அனுமதிக்கும் கடைகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய அட்டையைக் காட்டிவிட்டு, வெறும் ஒற்றைச் சிலிண்டரோடு ஒருவர் குதிக்க முடியுமானால் அந்த விதி பெயரளவில்தான் இருக்கிறது. மாறாக, அட்டை இல்லாமலே, தனித்த ரெகுலேட்டர் பொருத்திய துணைச் சிலிண்டரும், இரண்டு வெட்டுக் கருவிகளும், மாற்று முகமூடியும், மேலே எழும்புமுன் அனுப்பும் மிதவையும், கணக்கிட்டு எழுதிய திட்டமும் கொண்டுவருபவரை நான் அதிகம் நம்புவேன். கடைக்காரரால் அப்படி நம்ப முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நாளை ஒரு விசாரணை வந்தால் அவரிடம் கேட்கப்படுவது அட்டைதான். ஆகையால் இரண்டையும் கேட்பதே முறை.

கருவியால் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. தனி டைவிங்கை ஆதரிப்போர் இதைப் பேசத் தயங்குகிறார்கள். நீருக்குள் இதயம் திடீரென நின்றாலோ, நுரையீரலில் நீர்கோத்து மயக்கம் வந்தாலோ, எத்தனை மாற்றுச் சிலிண்டர் இருந்தும் பயனில்லை. நினைவிழந்தவரை மேலே கொண்டுவரக்கூடியது இன்னொரு மனிதரின் கை மட்டுமே. அந்தக் கையும் பிழைப்பை உறுதி செய்வதில்லை. என்றாலும் அந்த ஒரு வாய்ப்பைத் தனியாக இறங்குபவர் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார். நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் அண்மைக் காலத்து மருத்துவச் சான்றை ஒரு கடை வலியுறுத்துமானால் அதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது.

தனியாக இறங்குவதையே கண்டிக்கும் கடைகளில், புதிதாகப் பயில வந்த நான்கு பேரோடு பயிற்றுநர் ஒருவர் தினமும் இறங்குகிறார். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் உதவக்கூடியவர் அந்த நால்வரில் யார்? தொழில்முறையில் அவரும் தனி டைவர்தான். தம் ஊழியருக்குத் துணைச் சிலிண்டர் கொடுக்காத கடை, வாடிக்கையாளருக்கு இணை முறையின் பெருமையைப் போதிப்பதை என்னால் முகம் சுளிக்காமல் கேட்க முடிவதில்லை.

என் கருத்தில், படகு நடத்துபவர் தனி டைவிங்கை அறவே மறுக்கலாம். அது அவருடைய படகு, அவருடைய பொறுப்பு. ஆனால் மறுத்தால் தரமான மாற்று ஒன்றைத் தர வேண்டும்: இணையாக்கப்படும் இருவரின் அனுபவத்தையும் காற்றுச் செலவையும் விசாரித்துச் சேர்க்க வேண்டும், அல்லது கட்டணத்துக்குத் தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்தித் தர வேண்டும். அனுமதிப்பதானால் எழுத்தில் அனுமதிக்க வேண்டும்: எந்த ஆழம் வரை, எத்தனை நிமிடம், கரைந்த வாயு வெளியேற வழியில் கட்டாயம் நின்று வரும் அழுத்தநீக்க நிறுத்தம் தேவைப்படாத எல்லைக்குள், மூழ்கிய கப்பலுக்குள்ளோ குகைக்குள்ளோ நுழையாமல், எந்த நேரத்தைத் தாண்டினால் தேடல் தொடங்கும் என்பது வரை. தேடல் தொடங்கும் நேரத்தைப் படகு நடத்துபவரும் இறங்குபவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது இவற்றில் மிக இன்றியமையாதது என்பேன். அது எழுதப்படாத படகில் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் ஊகமாகவே கழியும்.

தனியாக இறங்க விரும்பும் நேயர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கடைக்கு எழுதிக் கேளுங்கள். விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். துணைச் சிலிண்டர் அங்கே வாடகைக்குக் கிடைக்குமா, உங்கள் ரெகுலேட்டர் அதன் வால்வில் பொருந்துமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். கடை அனுமதித்திருந்தாலும், அன்று நீரோட்டத்தைப் பார்த்துவிட்டுப் படகின் தலைவர் "இன்று வேண்டாம்" என்றால் அங்கே வாதத்துக்கு இடமில்லை. அன்று ஒரு துணையோடு இறங்குங்கள். உங்கள் துணைச் சிலிண்டரைக் கழற்றிவைக்காமலே இறங்குங்கள். வணக்கம்.