காய்ச்சல் விடவில்லையா? பூஞ்சையையும் தேட வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்தில் பூஞ்சை என்றால் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும்தான் நினைவுக்கு வரும். 2021-இல் கரும்பூஞ்சை பரவியபோதுதான், அது உள்ளே இறங்கினால் உயிரையே வாங்கும் என்பது பலருக்கும் தெரிந்தது.

ஐசியூவில் நாள்கணக்கில் இருப்பவர், கீமோ எடுப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர், இவர்களுக்கு ரத்தத்தில் பூஞ்சை கலந்தால் வெளியே தெரிவது பெரும்பாலும் காய்ச்சல் மட்டும்தான். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ரத்தத்தை பாட்டிலில் விட்டு வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாளாவது ஆகும். அப்படிக் காத்திருந்தாலும், உள்ளே பரவிய கேண்டிடா பூஞ்சையில் ஏறக்குறைய பாதிதான் பிடிபடும்.

விரைவுப் பரிசோதனைகள் பூஞ்சை வளரும்வரை காத்திருப்பதில்லை. அது ரத்தத்தில் உதிர்த்துவிட்ட துணுக்குகளைத் தேடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது, மூளையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையைத் தேடும் பட்டைதான். பார்க்க கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியே இருக்கும். ஒரு குழாயில் ஒரு சொட்டுக் கரைசல், கொஞ்சம் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), அதில் பட்டையை நிறுத்தினால் பத்து நிமிடம். இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். மூளைக்காய்ச்சல் தலைகாட்டுவதற்குச் சில வாரங்கள் முன்பே இது சொல்லிவிடும். சிடி4 என்ற நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே போன எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இதைச் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நம் டெல்டாவில் எல்லா அரசு மருத்துவமனையிலும் இந்தப் பட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பீட்டா குளுக்கன் என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை. பல பூஞ்சைகளின் செல் சுவரில் இருக்கும் அந்தப் பொருளை இது அளக்கும். டயாலிசிஸ் செய்தவருக்கும் அல்புமின் என்ற ரத்தப் புரதம் ஏற்றியவருக்கும் பூஞ்சை இல்லாமலே அளவு கூடிக் காட்டலாம். அதனால் பாசிட்டிவை விட நெகட்டிவ்தான் அதிகம் உதவும். தேவையில்லாத பூஞ்சை மருந்தை நிறுத்தலாம்.

இப்போது சொல்வதைச் சர்க்கரை நோயாளிகள் வீட்டில் கவனமாகக் கேளுங்கள். கரும்பூஞ்சை இந்த ரத்தப் பரிசோதனைகளில் சிக்காது. ஒரு பக்க முகவலி, கண்வீக்கம், மூக்கில் கறுப்பு நீர் என்றால் ரத்த ரிப்போர்ட் நார்மல் என்று இருந்துவிடாதீர்கள். மூக்கில் ஸ்கோப் விட்டு, சதைத்துணுக்கு எடுத்து, கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதற்கும் நாள்கணக்கு ஆகாது, அன்றைக்கே தெரிந்துவிடும். அறுவடையில் நெல் தூசியோ தாளோ கண்ணில் குத்திப் புண்ணானாலும் பூஞ்சையாக இருக்கலாம், இதே கதைதான். மெடிக்கலில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாமல், கண் டாக்டரிடம் போய்ப் புண்ணைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.