ஒரு காரியமும் இல்லாமல் பார்ப்பது

அவைத் தலைவர் அவர்களே, அரங்கம் நிறைய வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

பயணம் மனிதனை மகிழ்விக்கும் என்று சொன்னால் இங்கே யாரும் மறுக்கப் போவதில்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயத்தை மேடை ஏறிச் சொல்வதில் எனக்கும் சுவை இல்லை. ஆகவே அதைச் சந்தேகிப்பவர்களிடமிருந்து தொடங்குகிறேன். 2010ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் 1,530 பேர். அவர்களில் 974 பேர் விடுமுறைப் பயணம் போனவர்கள். போகாதவர்களைவிடப் போனவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தது உண்மைதான். ஆனால் எப்போது? புறப்படுவதற்கு முன்பு! திரும்பி வந்த பிறகு இரு தரப்பாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மிக நிதானமாக, ஓய்வாகப் போய் வந்ததாகச் சொன்னவர்களிடம் மட்டும் அந்த மகிழ்ச்சி கொஞ்ச காலம் தங்கியிருந்தது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "அப்படியானால் டிக்கெட்டை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாமே" என்றார். கேலியாகச் சொன்னாலும் அதில் பாதி நியாயம் இருக்கிறது. எதிர்பார்த்திருப்பதும் ஒரு சுகம்தான். அதற்குப் பெட்டி சுமக்க வேண்டியதில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகள் கேட்பது, மொத்தத்தில் நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்ற கேள்வியை. மொத்தக் கணக்கில் காணாமல் போய்விடும் பத்து நிமிடங்கள் சில உண்டு. நான் பேச வந்தது அவற்றைப் பற்றி.

பல ஆண்டுகளுக்கு முன்பு போய் வந்த பயணத்தைப் பற்றி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். எந்தப் பெரிய கட்டடத்தைக் காண அவ்வளவு தூரம் போனாரோ, அதற்கு ஒரே ஒரு வாக்கியம்: "பிரமாதமாக இருந்தது." அவ்வளவுதான். அதன் பிறகு குரல் மாறும். நடுவழியில் பஸ் நின்றுபோனது, எதிர் இருக்கைக் குழந்தை தன் செருப்பை இவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனது, மழைக்கு ஒதுங்கிய திண்ணையில் முன்பின் தெரியாத நாலு பேரோடு சும்மா நின்றது என்று கதை நீளும். பணம் கொடுத்துப் பார்த்தது ஒரு வரி. பணம் கொடுக்காமல் கிடைத்தது முக்கால் மணி நேரம்.

ஏன் இப்படி? அந்த நேரங்களில் நமக்கு ஒரு காரியமும் இருக்கவில்லை என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

சொந்த இடத்தில் நம் கண் படுகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடிகாரத்தைப் பார்ப்பது தாமதமாகிவிட்டதா என்று அறிய. வானத்தைப் பார்ப்பது துணியை எடுக்க வேண்டுமா என்று அறிய. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது, அவர் நம்மைப் பார்த்துவிட்டாரா என்று அறிய! வெளியூரில் இந்தக் கணக்கு அறுந்துபோகிறது. ரயிலடியில் ஒரு பெண்மணி நனைந்த குடையை உதறி மடிக்கிறார். அவரால் நமக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நம்மால் அவருக்கும் ஒன்றுமில்லை. அதனால்தான் அந்தக் குடை கண்ணுக்குத் தெரிகிறது, அதிலிருந்து தெறிக்கும் நீர் தெரிகிறது, அவர் இரண்டு முறை உதறிவிட்டு மூன்றாவது முறையும் உதறுவது தெரிகிறது. அவரே நம் தெருவில் குடியிருந்தால், "இவர் இன்றைக்கு வீட்டில் இருக்கிறாரே" என்று மட்டும் பதிந்திருக்கும்.

பழகிய இடத்தில் நாம் அக்கறை இல்லாமல் இருக்கிறோம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டாம். கண்ணின் அமைப்பே அப்படி. 1804இல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் குறித்து வைத்தார். ஒரே புள்ளியை அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், ஓரத்தில் இருக்கும் உருவங்கள் மெல்ல மங்கி மறைந்துவிடுகின்றன. பொருள் அங்கேயேதான் இருக்கிறது, பார்வையில் இல்லை. இதைவிட வியப்பான ஒன்று உண்டு. நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்களுக்கு முன்னால் ரத்தக் குழாய்கள் கிளை கிளையாகப் படர்ந்திருக்கின்றன. உள்ளே வருகிற ஒளி அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படியென்றால் அவற்றின் நிழல் பிறந்த நாளிலிருந்து நம் பார்வைமேல் விழுந்துகொண்டே இருக்கிறது. நாம் ஒருபோதும் பார்ப்பதில்லை. நிழல் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதால், அதில் செய்தி ஒன்றும் இல்லை என்று மூளை அதைத் தள்ளிவிடுகிறது. கண் மருத்துவர் சிறு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அசைக்கும்போது, சட்டென்று இலையுதிர்ந்த மரம் ஒன்று கண்முன் விரிவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது வெளியே எங்கும் இல்லை. உங்கள் கண்ணுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களின் நிழல்தான். விளக்கு இடம் மாறியது, நிழல் வேறு இடத்தில் விழுந்தது, ஆயுள் முழுக்கக் கூடவே இருந்தது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

பயணம் செய்வதும் இந்த வேலையைத்தான். புதிதாக எதையும் படைத்துத் தருவதில்லை. விளக்கைக் கொஞ்சம் நகர்த்துகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. "ஒவ்வொரு கணத்திலும் முழுமையாக வாழுங்கள்" என்று உபதேசம் செய்கிறவர்களோடு. ஒவ்வொரு கணத்திலுமா? கண்ணுக்குள் இருக்கும் அந்த மரம் எந்நேரமும் தெரிந்துகொண்டிருந்தால் ஒரு பக்கம் படிக்க முடியுமா, சாலையைக் கடக்க முடியுமா? பழகிப்போவது ஒரு வரம். பஸ் ஓட்டுநருக்கு வளைவுகள் பழகிப்போயிருப்பதால்தான் பின்னால் இருக்கும் நாம் தூங்குகிறோம். துயரமும் வலியும்கூடப் பழகப் பழகத்தானே பலருக்குத் தாங்கிக்கொள்ள முடிகிறது? எனவே நாள் முழுக்க வியந்துகொண்டே இருக்கும்படி நான் யாரையும் கேட்கப் போவதில்லை. அப்படிப்பட்டவரோடு ஒரு வீட்டில் இருக்கவும் முடியாது. எப்போதாவது விளக்கு நகர்ந்தால் போதும்.

"இதெல்லாம் வேலையற்றவர்களுக்கு ஆகும், வயிற்றுப்பாடு உள்ளவனுக்கு ஆகுமா?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. நம்மிடம் இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசு பெற்று வந்த கலைஞன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு, இந்த வழியாகப் போ, இந்த வள்ளலிடம் போ என்று சொல்கிற பாட்டு. போகிறவன் உல்லாசப் பயணி இல்லை. சுற்றத்தோடு பசியோடு நடக்கிறவன். அவற்றில் 583 அடிகள் கொண்ட மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னனிடம் போகும் கூத்தர்களுக்குச் சொல்லும் வழி அது. முதலில் எச்சரிக்கைகள் வருகின்றன. பாசி படர்ந்து கால் வழுக்கும் இடம் உண்டு. பாம்பு தங்கும் வெடிப்புகள் உண்டு. யானையை விரட்டப் புனம் காப்பவர்கள் கவணில் எறியும் கல் பறந்து வரும், மரத்தின் பின்னால் மறைந்து போங்கள். நல்ல வழிகாட்டி சொல்ல வேண்டியவைதாம் இவையெல்லாம்.

ஆனால் அதன் பிறகு அந்தப் புலவர் செய்கிற காரியம் எனக்கு ஓயாத வியப்பு. ஏறக்குறைய ஐம்பது அடிகளுக்கு, அந்த மலையில் என்னென்ன ஓசைகள் கேட்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். மலைப்பிளவில் விழுந்துவிட்ட குட்டிக்காக மந்தி தன் கூட்டத்தோடு அழுகிற ஓசை. புலி கிழித்த கணவனின் மார்புப் புண் ஆறட்டும் என்று மனைவி பாடுகிற ஓசை. வேங்கை மரம் பூத்ததும் அதைச் சுற்றி எழுகிற ஆரவாரம். தினை குற்றும் பெண்களின் பாட்டு. வழி தெரிந்துகொள்ள இவற்றில் எத்தனை உதவும்? பரிசு கிடைக்க எத்தனை உதவும்? எதுவும் உதவாது. பசித்தவனுக்குச் சொல்கிற பாட்டில், ஒரு காரியத்துக்கும் உதவாத ஐம்பது அடிகள்! புலவருக்குத் தெரிந்திருக்கிறது: பரிசு போய்ச் சேர்ந்த பிறகுதான், ஓசைகளோ நடக்கும்போதே உங்களுடையவை. நோக்கத்தோடு நடப்பவனுக்கும் காது சும்மாதானே இருக்கிறது.

இனி கேமரா. முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். நான் கைப்பேசியைத் திட்டப் போகிறேன் என்று எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது. ஏமாற்றமே. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் அருங்காட்சியகத்தில் ஒரு சோதனை நடத்தி 2014இல் வெளியிட்டார். சில பொருள்களைப் படம் எடுக்கச் சொன்னார், சிலவற்றை வெறுமனே பார்க்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்தவை குறைவாகவே நினைவில் இருந்தன. எல்லோரும் இந்தப் பாதியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். மறுபாதிதான் சுவையானது: பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை. மூக்கை மட்டும் எடுத்தவருக்கு முழுச் சிலையும் நினைவிருந்தது! குற்றம் கருவியில் இல்லை. "எடுத்தாயிற்று, அடுத்தது" என்று நகர்வதில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வருவோம். பயணத்தின் மிகச் சிறந்த நிமிடங்களைப் பெரும்பாலோர் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து. அவை திரும்பி வந்து கதவைத் திறக்கும் நிமிடங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை உண்டு. குடியிருப்பவருக்கு மட்டும் அது தெரியாது. மூக்கும் கண்ணைப் போலத்தான், மாறாததைக் கணக்கில் எடுப்பதில்லை. சில நாள் வெளியே இருந்துவிட்டு வந்தால் அந்த வாசனை முகத்தில் வந்து மோதும். அறை சற்றுச் சிறியதாகத் தெரியும். சுவரில் அந்தப் படம் கோணலாகத் தொங்குவது தெரியும். சில நிமிடங்கள்தான், பிறகு மூக்கு பழகிவிடும், படம் மறுபடி நேராகிவிடும். தூர தேசத்துக்குப் போய் வந்ததன் பலன் அந்தச் சில நிமிடங்களில் சொந்த வீட்டுக்குள் கிடைக்கிறது. நாமோ அப்போதுதான் அவசரமாக மின்விசிறியைப் போட்டுக் கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

சாதாரண நாளை நாம் எவ்வளவு குறைவாக மதிக்கிறோம் என்பதற்கு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014இல் ஒரு கணக்குக் காட்டினார்கள். அன்றாடப் பேச்சு, அண்மையில் கேட்ட பாட்டு போன்றவற்றைச் சிலரை எழுதி வைக்கச் சொன்னார்கள். சில மாதங்கள் கழித்து இதைப் படிக்க உங்களுக்கு எவ்வளவு ஆர்வம் இருக்கும் என்றும் கேட்டார்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது என்றார்கள். படிக்கும்போது ஆர்வம் கணிப்பைவிட அதிகமாகவே இருந்தது. சிறப்பு நாளைப் பற்றிய குறிப்பைவிடச் சாதாரண நாளைப் பற்றிய குறிப்பில்தான் அவர்கள் கணிப்பு அதிகம் தவறியது. திருவிழா எப்படியும் நினைவில் நிற்கும், செவ்வாய்க்கிழமைதான் தொலைந்துபோகும். நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: உயர்ந்த சிந்தனைகளை விடுங்கள், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன சண்டை போட்டார்கள் என்பதை எழுதுங்கள்.

இன்னொன்று, சுருக்கமாக. 2020இல் கலிஃபோர்னியாவில் முதியவர்கள் சிலரை வாரம் ஒரு முறை கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்கள், எட்டு வாரம். ஒரு குழுவுக்கு மட்டும், எதையாவது புதிதாய்ப் பார்ப்பதுபோல் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நடையின்போது தங்களைத் தாங்களே படம் எடுக்கச் சொன்னார்கள். வாரங்கள் போகப் போக, அந்தக் குழுவினரின் படங்களில் அவர்களுடைய உருவம் சிறிதாகிக்கொண்டே வந்தது, பின்னால் இருந்த இடம் பெரிதானது, சிரிப்பும் விரிந்தது. படத்தில் நமக்கு இடம் குறையக் குறையச் சிரிப்பு கூடுகிறது என்பதை எந்தத் தத்துவவாதியும் இவ்வளவு மலிவாக நிரூபித்ததில்லை.

ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. "வீட்டை விட்டு நகரவே முடியாதவர்கள் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக இதற்குச் சேவியர் த மெஸ்திரின் கதையைச் சொல்வார்கள். 1790இல் இத்தாலியின் தூரின் நகரில் ஓர் இளம் படை அதிகாரி. துவந்த யுத்தம் செய்த குற்றத்துக்காக 42 நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று தண்டனை. அவர் தன் அறையையே ஒரு தேசமாகச் சுற்றிவந்து பயண நூல் எழுதினார். கட்டில், சாய்வு நாற்காலி, சுவர்ப் படங்கள் எல்லாம் அதில் ஊர்களாகின்றன. அழகான கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அவருக்கு ஒரு வேலையாள் இருந்தான், ஒரு நாய் இருந்தது, தண்டனை எந்த நாளில் முடியும் என்பதும் தெரிந்திருந்தது.

சீட்டு அனுப்பியவர், படுக்கையில் இருக்கும் தாயையோ கணவரையோ கவனித்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம். அவரிடம் போய், மருந்து பாட்டிலில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த அறையில் காரியமில்லாத பொருளே கிடையாது. அவருக்கு வேண்டியது சொற்பொழிவு இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்தக் கட்டில் அருகே உட்கார இன்னொரு ஆள் வேண்டும். அதை அவரேதான் கேட்க வேண்டும் என்று உறவினர்கள் காத்திருக்கக் கூடாது. போய் உட்காருங்கள், அவரை வெளியே அனுப்புங்கள். கையில் பையையும் சாமான் பட்டியலையும் கொடுத்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.