சுடலை சண்டைக்குக் கிடையாது

மக்களே, வணக்கம். பைக்குக்கு மேல ஏன் எப்பவும் சாக்கு கெடக்குன்னு போன வீடியோவுல கேட்டிருந்தீங்க. இந்தா எடுக்கேன், பாருங்க. நம்ம சேவல் வண்டிக் கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்துட்டான்! கழுத்துத் தூவியச் சிலுப்பிக்கிட்டு நிக்கான் பாருங்க. இப்பிடியே விட்டா டேங்க் பூரா கால் முள்ளால கீறிருவான். சரிடே, மூடிட்டேன், மூடிட்டேன். பாத்தீங்களா, மடியில வந்து உக்காந்துட்டான்.

இவன் பேரு சுடலை. அசில்ங்கிற சண்டைக்கோழிச் சாதி, அதுல பெரிய ரகமான பெருவிடை. எங்க ஆச்சி இவன் குஞ்சா இருக்கும்போதே குழம்புக்குக் கண்ணு வச்சிட்டா. அதான் சுடலைமாடன் சாமி பேரா வச்சேன். "ஏல, மாடன் பேரச் சொல்லி என்னையே ஏமாத்துதியா"ன்னு ஏசுனா. இப்ப அவதான் காலையில கம்பு போடுதா.

சண்டைக்கோழி ஆளக் கொத்தாதான்னு எல்லாருங் கேக்காங்க. பக்கத்து வீட்டு நாட்டுச்சேவல் என் கெண்டைக்கால கிழிச்சிருக்கு. இவன் ஒரு நாளும் இல்ல. இந்தச் சாதியக் காலங்காலமா கையில பிடிச்சு, தேச்சுக் குளிப்பாட்டித்தான் வளத்திருக்காங்க. ஆளக் கொத்துற சேவல வச்சு எவனாவது குஞ்சு எறக்குவானா? அது சட்டிக்குப் போயிரும். இவனுக்குப் பகையெல்லாம் இன்னொரு சேவலோடதான்.

தூக்கும்போது மேல இருந்து லபக்குன்னு பிடிக்காதீங்க, பருந்துன்னு நெனச்சு பயந்துரும். நெஞ்சுக்கு அடியில கையக் குடுத்து, ரெக்கைய லேசா அணைச்சு... இந்தா, இப்பிடி. தாடைக்குக் கீழ விரலால தடவுனா கண்ணச் சொருகுதான் பாருங்க.

இவனுக்கு ஒரு தம்பி உண்டு. எங்க வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறை, ஆத்தங்கரைதான். 2023 டிசம்பர் 17 ராத்திரி தாமிரபரணியில வெள்ளம் எப்பிடி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். கைக்குக் கெடச்சத எல்லாம் மச்சுக்கு ஏத்துனோம். ரெண்டு சேவலையும் ஒரே ரூம்ல ரெண்டு பஞ்சாரக் கூடையில கவுத்துப் போட்டேன். கரண்டு இல்ல, இருட்டு. இருட்டுல சேவல் அனங்காது, அதனால நானும் அசந்துட்டேன். விடிஞ்சு வெளிச்சம் வந்ததும் ஒண்ணு பஞ்சாரத்தத் தள்ளிட்டு வெளிய வந்துட்டு. நான் ஓடிப்போய்ப் பிரிக்கதுக்குள்ள தம்பிக்கு எடது கண்ணு போச்சு. தப்பு என் மேலதான். நடுவுல ஒரு போர்வையக் கட்டித் தொங்கவிட்டிருந்தாக் கூடப் போதும். ஒண்ண ஒண்ணு பாக்கலன்னா சண்டையே கெடையாது. இப்ப தம்பி புறவாசல்ல, தகரத் தடுப்புக்கு அங்கிட்டு இருக்கான். வலது பக்கமாப் பேசிக்கிட்டே போனாத்தான் பதறாம இருக்கான்.

தீனி பெருசா ஒண்ணுமில்ல. கம்பு, சோளம், கொஞ்சம் கீரை. பாதாம், முட்டையெல்லாம் சண்டைக் களத்துக்குத் தேத்துறவன் குடுக்கது. தடுப்பூசிய மட்டும் விட்றாதீங்க: வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு, குஞ்சு பொரிச்ச ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. எங்க பக்கத்துல ராமையன்பட்டியில கால்நடைக் கல்லூரியே இருக்கு.

பொங்கல் நெருங்குனா சண்டைக்குச் சேவல் கேட்டு ஆள் வந்துருவாங்க. "தம்பி, காலப் பாத்தா நல்ல அடிக்காரன் மாதிரி இருக்கு, என்ன வெல?" 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துலயே மிருகங்கள மோத விடுறது குத்தம்னு இருக்கு அண்ணாச்சின்னு சொன்னா, நாங்க வளக்கத்தான் கேக்கோம்னு சிரிக்காங்க. போன வாரம் ஒருத்தர் அப்பிடித்தான் வந்து நின்னாரு. நான் வாயத் தெறக்குமுன்ன ஆச்சி உள்ள இருந்து, "சாமியவா வெலைக்குக் கேக்கீரு?"ன்னா. அவரு செருப்பு கூட சரியா மாட்டல, போயிட்டாரு.

ஏ, மைக்கக் கொத்தாதடே! சாக்கு விலகிட்டு போல... மக்களே, ஒரு நிமிசம், வண்டியப் பாத்துட்டு வாறேன்.